மேல்மூச்சு

அன்று காலை மீன்கள் எல்லாம் மேலே வந்து நின்றன.

பிளேன்டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு முன்காம்பராவின் ஜன்னலைத் திறக்க வந்தபோதுதான் நிரஞ்சலா அதைக் கண்டாள். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தகரக் கூரையில் தங்கியிருந்த தண்ணீர் வாசலில் இஸ்தோப்புப் படியில் சொட்டிக்கொண்டிருக்க, நனைந்த தேயிலையின் பச்சை வாடையும் அடுத்த வீட்டு விறகுப் புகையும் ஒன்றாகக் கலந்து உள்ளே வந்தன. அந்தச் சொட்டுச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது. ப்பச். ப்பச். பால்புட்டியைக் குழந்தை வாயிலிருந்து விடும்போது வருமே, அந்த மாதிரி. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விட்டுச் செல்கிற கைக்குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை என்பதால், அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகப் பழக்கம். ஆனால் இந்த வீட்டில் குழந்தை கிடையாது.

சுவரோரத்து மேசையில் இருந்த மீன்தொட்டியிலிருந்துதான் அது வந்தது. தங்கமீன்கள் அத்தனையும் வாலைக் கீழே தொங்கவிட்டு, வாயைத் தண்ணீரின் விளிம்பில் வைத்து, திறந்து மூடிக்கொண்டிருந்தன. பம்ப் ஓடாமல் நின்றுவிட்டதோ என்று பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரப்பர் குழாயின் நுனியிலிருந்து குமிழிகள் சரம்சரமாக ஏறி மேலே வந்து உடைந்தன. தண்ணீர் தெளிவாக இருந்தது. குனிந்து முகர்ந்தாள், லேசான பாசி வாடை, வேறொன்றும் இல்லை. விரலால் கண்ணாடியைத் தட்டினாள். மற்ற நாளாக இருந்தால் தீனி என்று நினைத்துப் பாய்ந்து வரும். இப்போது ஒன்றுகூடத் திரும்பவில்லை. தட்டுவதைக் கேட்காதது போல, தங்கள் வாயின் வேலையிலேயே கண்ணாக இருந்தன.

தொட்டி அவள் அக்காவுடையது. அக்காவை மண்ணுக்குக் கொடுத்து, கருமாதியும் முடிந்து, வந்த சனங்கள் எல்லாம் கிளம்பிப் போயாகிவிட்டது. மடுல்சீமைக்கு மேலே, பஸ் போகும் பாதையும் முடிந்துபோகிற ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசியான அந்தத் தொங்கல் வீட்டில் நிரஞ்சலா இப்போது தனி ஆள்.

அக்கா விஜயலெட்சுமிதான் அவளை வளர்த்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது நிரஞ்சலாவுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கும் அறைக்கு வேலைக்குப் போனாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போகிறவள், வீடு திரும்பும்போது துணியின் உள்பக்கமும் பழுப்பாக இருக்கும். தலைமுடி, புருவம், கழுத்து மடிப்பு எல்லாவற்றிலும் தேயிலை வாசம். பொண்ணு கேட்டு வந்தவர்களை, தங்கச்சிய ஒரு எடத்துல சேர்த்துட்டு யோசிக்கிறேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். யோசிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சுக்குள்ளே பஞ்சு போல இருக்கவேண்டியது தோல் போல இறுகிப்போய்விட்டது, காற்று போனாலும் ஒட்டாது என்றார்கள். ஒட்சிசன் மெஷின் ஒன்றை இரவல் கொடுத்து அனுப்பினார்கள்.

முழங்கால் உயரத்துக்கு, அடியில் சின்னச் சக்கரங்களோடு, வெள்ளையாக ஒரு பெட்டி. அது சுவர் பிளக்கிலிருந்து கரண்டை எடுத்துக்கொண்டு இரவும் பகலும் உறுமியது. உறுமலுக்கு நடுவே பெருமூச்சு விடுவது போல ஒரு ‘ஸ்ஸ்’, பிறகு ஒரு ‘டக்’. அதிலிருந்து வந்த குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு அக்கா கட்டிலில் சாய்ந்தபடியே இருப்பாள். படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு குட்டை மூச்சு, பிறகு நீளமாக ஓர் இழுப்பு, அது முடிகிற இடத்தில் தொண்டைக்குள் சிக்கிக்கொள்வது போல ஒரு சின்ன விக்கல். நிரஞ்சலாவுக்கு அது மனப்பாடம். தூக்கத்திலும் அதை எண்ணிக்கொண்டிருப்பாள்.

கண்ணுக்கு எதிரே ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் பொழுது போகும் என்று அக்காவே ஆசைப்பட்டுக் கேட்டதுதான் அந்தத் தொட்டி. மணிக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அதுக்கு நம்மளாட்டம் இழுத்து வுடுற பாடே இல்ல, பாத்தியா” என்று ஒருநாள் விட்டு விட்டுச் சொன்னாள். “வாய் வழியா தண்ணி போவுது, செவுள் வழியா வெளிய வருது. ஒரே பக்கமா ஓடிக்கிட்டே இருக்கு. குடுத்து வச்ச சீவனுங்க.”

இவ்வளவைச் சொல்வதற்கே அவளுக்குப் பாதி மூச்சு போய்விட்டது.

அக்கா செத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரண்ட் போய்விட்டது, மெஷின் நின்றுவிட்டது, நான் உள்காம்பராவில் இருந்தேன், வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது என்று நிரஞ்சலா சொன்னாள். காற்றடித்தால் கம்பியில் கொப்பு விழுந்து கரண்ட் போவது அந்த மலையில் புதிதல்ல. யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆளாளுக்கு அவள் தலையைத் தடவி, நீ என்னம்மா பண்ணுவ என்றார்கள். தடவிய ஒவ்வொரு கையும் சுட்டது.

முதலில் மேலே வந்த அன்று மத்தியானமும் மீன்கள் இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. அக்கா இல்லாமல் போனபிறகு அக்காவின் மீன்களையும் சாகவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள நேருமோ என்ற பயத்தில், லீவு போட்டுவிட்டு, பசறை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து அவள் பதுளைக்குப் போனாள்.

பஸாரில் ஒரு சந்துக்குள் இருந்தது ஸப்ரானின் மீன்கடை. தொட்டியை அவரிடம்தான் வாங்கியிருந்தார்கள். வரிசை வரிசையாகக் கண்ணாடி, நீல வெளிச்சம், நூறு பம்புகள் ஒரே நேரத்தில் முணுமுணுக்கும் சத்தம்.  இவ்வளவு உறுமலுக்கு நடுவே இந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று நிரஞ்சலா நினைத்தாள்.

“செல்லுங்க தங்கச்சி. அக்காட சொகம் எப்புடி?” என்றார் ஸப்ரான்.

அவள் சொன்னாள். கரண்ட் போனதையும் சேர்த்தே சொன்னாள். இப்போதெல்லாம் அந்தப் பொய் நாக்கிலிருந்து தானாகவே வழுக்கிக்கொண்டு வந்தது. ஸப்ரான் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். பிறகு மீன்களைப் பற்றிக் கேட்டார். தண்ணீரில் காற்று குறைந்தால்தான் அப்படி மேலே வரும், மேல்தண்ணீரில்தான் கொஞ்சமாவது காற்று கலந்திருக்கும் என்று விளக்கினார். பம்ப் ஓடுகிறது என்று அவள் சொன்னதும் அவருடைய நெற்றி சுருங்கியது.

“ஒங்கட பக்கம் நல்ல குளிர் தானே. சூட்டுத் தண்ணியில காத்து நிக்காது, குளிர் தண்ணியில நெறைய நிக்கும். அங்க போய் இப்புடி வாறதெண்டா புதினமா ஈக்கி.”

தொட்டியைத் திறந்து வைக்க வேண்டாம், மூச்சுக்குத் தவிக்கிற மீன் சில நேரம் வெளியே பாய்ந்துவிடும் என்றும் எச்சரித்தார். வெளியேதான் காற்று நிறைய இருக்கிறதே, அங்கே வந்தால் ஏன் சாகிறது என்று அவள் கேட்டாள். ஏன் கேட்டோம் என்று உடனே தோன்றியது.

ஸப்ரான் தன் கைவிரல்களை விரித்துக் காட்டினார். “செவுளுக்குள்ள செவப்பா இதழ் இதழா ஈக்கும். தண்ணிக்குள்ள இப்புடி விரிஞ்சி நிக்கும், காத்து ஒட்டும்.” விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கினார். “வெளிய வந்தா இப்புடி ஒட்டிப்போகும். சுத்திவரக் காத்துதான். ஒரு சொட்டு உள்ளுக்குப் போகாது. காத்துக்கு நடுவுல கெடந்துதான் மூச்சு முட்டி மவுத்தாகும்.”

இறுகிப்போன அந்த விரல்களையே நிரஞ்சலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அவர் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து அவள் கையில் திணித்தார். பேட்டரியில் ஓடும் பம்ப். ஒன்றும் தரவேண்டாம், அக்காவை நினைத்துக் கொடுக்கிறேன் என்றார். “இனிக் கரண்ட் போனாலும் இதுகளுக்கு ஒண்டும் ஆகாது.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். பசறைக்கு மேலே ஏற ஏறப் பனிமூட்டம் கண்ணாடியில் வந்து அப்பியது. பெட்டி கனமே இல்லை. ஆனால் இறங்கும் இடம் வருவதற்குள் இரண்டு தொடையும் மரத்துப்போயிருந்தன.

இரண்டு பம்புகளும் ஓடின. தொட்டி கொதிக்கிற உலைபோலக் குமிழி விட்டது. மீன்கள் மேலேயே நின்றன.

சாயங்காலம் அடுத்த வீட்டு ஜீவராணி சோறும் பருப்பும் கொண்டுவந்தாள். அக்காவின் வயதுக்காரி, அக்காவோடு ஸ்டோரில் வேலை செய்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைக் கல் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். தட்டை மேசையில் வைத்துவிட்டு, மீன்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவள் போகாமல் நின்றாள். முந்தானையின் நுனியைச் சுருட்டினாள், விரித்தாள்.

“நிரஞ்சி, ஒன்னு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே. அன்னிக்கு எங்க வீட்டுல டிவி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

நிரஞ்சலா சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தொங்கல் வீட்டு லைன் மட்டும் போயிருக்கும் என்றாள்.

“ஆமா, அப்புடித்தான் இருக்கும்” என்று ஜீவராணி உடனே ஒப்புக்கொண்டாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. “நா அதுக்குச் சொல்லல. மெஷினு சத்தம் நின்னது எனக்குக் கேட்டுச்சு. கொஞ்சம் பொறுத்து அக்கா செவுத்தத் தட்டுச்சு. நா டிவியப் பாத்துக்கிட்டு, சும்மா தட்டுதுன்னு இருந்துட்டேன். எந்திரிச்சு வந்திருந்தா இருந்திருக்கும்ல. இத யாருகிட்டயும் சொல்லல. ராத்திரிக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

ஒரே ஒரு வார்த்தை போதும். உன் மேல் தப்பில்லை என்று சொல்லி, ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிட்டால் போதும். அது நிரஞ்சலாவின் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. விடுங்க ராணிக்கா, நடந்தது நடந்துபோச்சு என்று மட்டும் சொன்னாள். ஜீவராணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, செய்யாத குற்றத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறவள் போலக் குனிந்து வெளியேறினாள்.

அக்கா செத்த அன்று கரண்ட் போகவில்லை.

அந்த வாரம் முழுக்க நிரஞ்சலா சரியாகக் கண்மூடியிருக்கவில்லை. பகலில் குழந்தைகளின் அழுகை, இரவில் மெஷினின் உறுமல், அந்த ‘ஸ்ஸ்’, அந்த ‘டக்’. அதற்குள் அக்காவின் இரண்டு குட்டை மூச்சும் ஒரு நீள மூச்சும். ஞாயிறு மத்தியானம் மழை தகரத்தில் இறங்கியபோது, இந்த மழைச் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான். கை தானாகப் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டியது. உறுமல் நின்றது. அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“கரண்ட் போச்சுக்கா” என்றாள் நிரஞ்சலா. “இப்ப வந்துரும்.”

அக்கா தலையை ஆட்டினாள். நம்பினாள். சிரமப்பட்டுச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

உள்காம்பராவுக்குப் போய்க் கம்பளியைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டாள். அந்த அமைதி தேன் மாதிரி இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று அதற்குள் இறங்கிக்கொண்டே போனாள். சுவரில் யாரோ தட்டினார்கள். மெதுவாக. திரும்பவும். ஜீவராணிக்குக் கேட்டது அவளுக்கும் கேட்டது. எழும்ப வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

விழித்தபோது மழை நின்றிருந்தது. வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. அக்கா உட்கார்ந்தபடியே இருந்தாள். ஒரு கை சுவரில். தாடை மேலே நிமிர்ந்து, வாய் வட்டமாக, அகலமாகத் திறந்திருந்தது. கூரைக்குப் பக்கத்தில்தான் மிச்சக் காற்று இருக்கிறது என்பது போல.

நிரஞ்சலா முதலில் செய்தது சுவிட்சைத் திரும்பப் போட்டது. மெஷின் உறுமத் தொடங்கியது. பிறகுதான் அலறினாள்.

ஜீவராணி போனபின் சோற்றைத் தொடாமல் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. லைட்டைப் போட எழும்பவில்லை. மீன்களின் வாய்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, இவ்வளவு நேரமும் தன் உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது.

மீன்கள் தனித்தனியாக வாயைத் திறக்கவில்லை. எல்லாம் ஒன்றாகத் திறந்தன. ஒன்றாக மூடின.

இரண்டு குட்டையாக.

ஒன்று நீளமாக.

நீண்டது முடிகிற இடத்தில் அத்தனை செவுள்களும் ஒரு கணம் விரிந்தபடியே நின்று, சின்னதாக ஓர் உதறல் உதறின.

அவள் எழுந்து, கையில் அகப்பட்ட போர்வையைத் தொட்டியின் மேல் போட்டு மூடினாள். சத்தம் போர்வைக்குள்ளிருந்து கேட்டது. ப்பச் ப்பச். ப்பச்ச்ச். உள்காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கதவைத் தாண்டியும் கேட்டது.

மறுநாள் பிள்ளைக்காம்பராவில் ஒரு கைக்குழந்தை தூங்கும்போது மூச்சு கொஞ்சம் கீச்சிட்டது. சளிதான். ஆனால் நிரஞ்சலா அதைத் தூக்கி உட்காரவைத்து, வாய்க்கு நேரே காதை வைத்துக்கொண்டு, குழந்தை வீறிட்டு அழும்வரை விடவே இல்லை. கூட வேலை செய்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. நீ வீட்டுக்குப் போம்மா, அக்கா நெனப்பு இன்னும் வுடல என்றார்கள்.

வேலை நேரம் முடியும் முன்பே, வெள்ளென வீட்டுக்கு வந்தாள். பனிமூட்டம் லயத்துக்குள் இறங்கி, எதிர்வரிசை வீடுகளை அழித்திருந்தது. கதவைத் திறந்தாள். போர்வை தொட்டியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தது.

ஒரு மீன் குறைந்தது.

மேசைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் கிடந்தது. காய்ந்துபோயிருந்தது. தங்க நிறம் மங்கி, செதில்கள் சுருண்டு, கண் உள்ளே அமுங்கி, எறும்புகள் வயிற்றுப் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தன. எப்போது விழுந்ததோ. நிரஞ்சலா பழைய துண்டு ஒன்றால் அதை எடுத்தாள். விறகுச் சிராய் போல விறைத்திருந்தது.

செவுள்மூடி திறந்தது.

மூடியது.

எறும்பு ஊர்ந்ததில் அப்படித் தெரிகிறது என்று நினைத்து ஊதினாள். எறும்புகள் சிதறின. செவுள்மூடி திறந்தது. உள்ளே சிவப்பு இல்லை. இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுத்து, பழைய தேயிலைச் சக்கை போலக் கிடந்தன. குட்டையாக ஒன்று. குட்டையாக இன்னொன்று. பிறகு நீளமாக. அந்தக் காய்ந்த உடம்பு முழுக்கத் துண்டுக்குள் லேசாக விம்மி, ஓர் உதறலோடு அடங்கியது.

அவள் கத்தவில்லை. கத்தினால் ஜீவராணி வருவாள். ஜீவராணி வந்தால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும்.

வீட்டோரத்துத் தோட்டத்தில் போஞ்சிக்கொடியின் கீழே மம்பட்டியால் ஒரு குழி வெட்டினாள். சின்ன மீனுக்குத் தேவையில்லாத ஆழம். துண்டோடு உள்ளே போட்டு, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினாள். மூச்சு வாங்கியது. மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். பனிமூட்டத்துக்குள் எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

மிதித்த மண் எழும்பியது.

ஒரு விரல் அளவுகூட இராது. எழும்பி, ஓரங்களில் வெடித்து, அமுங்கியது. எழும்பியது. பிறகு நீளமாக எழும்பியது. வெடிப்புகளிலிருந்து பொடிமண் உருண்டு விழுந்தது.

நிரஞ்சலா பார்த்துக்கொண்டே இருந்தாள். பயத்துக்கும் முன்னால் வேறொரு நினைப்பு வந்தது. காய்ந்த மீன். எறும்பு ஏறிய மீன். மண்ணுக்குள் போட்டும் விடவில்லை.

அப்படியானால் அக்கா?

மயானம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் போனதில்லை. பெண்கள் லயத்து முச்சந்தியோடு திரும்பிவிடவேண்டும் என்பது வழக்கம். அன்று அவளும் அங்கேயே விழுந்து அழுதுவிட்டுத் திரும்பியிருந்தாள். இப்போது திரும்பவில்லை. மம்பட்டியையும் போட்டுவிட்டு நடந்தாள். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிகள் இருபக்கமும் எலும்பு எலும்பாக நின்றன. பாதை தெரியவில்லை. கால் தெரியவில்லை. வெளிச்சம் சாம்பல் நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது. சவுக்கு மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே மேடு ஏறினாள்.

புது மண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாடிய செவ்வந்தி மாலைகள் அழுகி ஒட்டிக்கிடந்தன. மழைக்கு மண் நடுவிலே இறங்கி, தலைமாட்டில் ஒரு பள்ளம் விழுந்து, அதில் தண்ணீர் கட்டியிருந்தது. பழுப்புத் தண்ணீர். சாயம் இறங்கிய பிளேன்டீ போல.

அவள் அங்கே நின்று காது கொடுத்தாள்.

ஒன்றும் இல்லை.

இல்லை என்று நிச்சயமானது. அப்படியே ஈர மண்ணில் முழங்காலிட்டாள். அழுகை வந்தது. அக்கா செத்த அன்று வந்த அழுகை ஊருக்காக. இது வேறு.

முழங்காலின் கீழே மண் எழும்பியது.

அவளையும் சேர்த்துத் தூக்கியது. இறக்கியது. தூக்கியது. இறக்கியது. பிறகு நீளமாக, மெதுவாக, அவளுடைய பாரம் ஒரு பாரமே இல்லை என்பது போலத் தூக்கி, உச்சியில் ஓர் உதறலோடு நின்றது.

பள்ளத்தில் ஒரு சத்தம் கேட்டது.

ப்பச்.

பழுப்புத் தண்ணீரில் ஒரு வட்டம் விழுந்தது. மழை இல்லை. மரத்துச் சொட்டு அவ்வளவு தூரம் வராது. வட்டத்தின் நடுவில் தண்ணீர் லேசாகக் குவிந்து உயர்ந்தது. தோல் மாதிரி இழுபட்டது. பிறகு விலகியது.

வாய்.

முகம் இல்லை. முகம் தண்ணீருக்கு அடியில் எங்கேயோ இருந்திருக்கலாம். வாய் மட்டும் மேலே வந்திருந்தது. வெளுத்த உதடுகள். வட்டமாக. திறந்தது. மூடியது. திறந்தது. மூடியது.

நிரஞ்சலா பின்னால் நகரவில்லை. இத்தனை நாளும் தொண்டையில் நின்றது இப்போது தானாக வந்தது.

“அக்கா” என்றாள். “கரண்ட் போகலக்கா. நாந்தான் நிப்பாட்டுனேன். நீ தட்டுனது எனக்குக் கேட்டுச்சு.”

வாய் மூடியது.

மூடியே இருந்தது. மண் அசையவில்லை. மரங்கள் சொட்டுவதையும் நிறுத்தியிருந்தன. மலை முழுக்க அப்படியோர் அமைதி. நிரஞ்சலா காத்திருந்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தாள். ஒரு கணம், முழுசாக ஒரு கணம், அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு அது திறந்தது.

அகலமாக. இன்னும் அகலமாக. மூடவில்லை. பள்ளத்துத் தண்ணீர் சுழன்று அதற்குள் இறங்கியது. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கியது. அழுகிய செவ்வந்தி இதழ்கள் இழுபட்டுப் போயின. அது தண்ணீருக்காகத் திறக்கவில்லை. ஒரு மூச்சு. ஒரே இழுப்பு. அந்த இழுப்பு நிற்கவே இல்லை.

பனிமூட்டம் நகர்ந்தது.

முதலில் தரையோடு. பிறகு தேயிலை வரிசைகளுக்கு நடுவிலிருந்து, சவுக்கு மரங்களின் இடையிலிருந்து, மலையின் நாலு பக்கத்திலிருந்தும் வெள்ளை வெள்ளையாகச் சரிந்து வந்து, அவளைத் தாண்டி, அந்த வாயின் கறுப்பு வட்டத்துக்குள் இறங்கியது. அவள் ஈரக் கூந்தல் முன்னால் பறந்து அந்தப் பக்கமாகவே நீண்டு நின்றது. சத்தமே இல்லை.

குளிரில் அவள் வாயிலிருந்து ஆவி வந்தது. மெல்லிய வெள்ளை நூல். அது கலைந்து போகவில்லை. வளைந்து, கீழே தொங்கி, அந்த வாயைப் போய்த் தொட்டது.

நிரஞ்சலா மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தாள். உள்ளே எதுவும் வரவில்லை. நூல் மட்டும் வெளியே போய்க்கொண்டிருந்தது.